எடை கூடாத ஏர் ஃபில்டர்

என் எழுத்தை நம்பி ஒருவர் பொருள் வாங்கியதை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அவர் வாசகர் அல்லர். டிப்பர் லாரி ஓட்டுபவர். வண்டியும் அவருடையதுதான், இருப்பது அந்த ஒரே வண்டி. ஓரிக்கையில் என் வீட்டுக்கு அடுத்த மனை காலியாகக் கிடக்கிறது, அங்கேதான் அதை நிறுத்துவார். காலையில் அவர் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன். மூன்று வருடங்களாக எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், பல நாட்களில் அந்தத் தலையசைப்பு ஒன்றுதான் அன்றைக்கு நான் இன்னொரு மனிதரோடு கலந்துகொண்ட விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு கை வந்தது. கையில் வழவழப்பான ஒரு துண்டுத்தாள்.

"சார், நீங்க எழுதுறவராமே. இதுல போட்டுக்கிறது நெஜமான்னு பாத்து சொல்லுங்க. படிக்க நல்லாத்தான் இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். லாரிகளுக்கான ஏர் ஃபில்டர். எஞ்சினுக்குள் போகிற காற்றிலிருந்து மண்ணைப் பிடித்து நிறுத்த, கம்பெனிக்காரர்களே ஒரு பெட்டியும் அதற்குள் காகித ஃபில்டரும் வைத்துத்தான் வண்டியைக் கொடுக்கிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் ஒரு குழாயையும் எண்ணெயில் நனைத்த பருத்தி வலைக் கூம்பு ஒன்றையும் மாட்டச் சொன்னது அந்தத் தாள். 'மூச்சுத் திணறும் எஞ்சினுக்கு முழு மூச்சு. மலையையும் மடக்கி இழுக்கும். தூசி அண்டாது. டீசல் மிச்சம், மிச்சம், மிச்சம்.' சதவீதத்தில் ஒரு பெரிய எண்ணும் இருந்தது. எண்ணின் தலைமேல் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கான விளக்கம் தாளில் எங்கும் இல்லை.

இரண்டாவது 'மிச்சம்' வந்தபோதே எழுதியவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மிச்சம் போடுகிற ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவன்தான்.

நான் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தவன். அவற்றைப் போட்டுவந்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இதில் என் கட்டுரைகளின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு ஒரு விளம்பர ஏஜென்சிக்குத் துண்டுத்தாள் எழுத ஆரம்பித்தேன். பினாயில், பம்ப்செட், முழங்கால் தைலம். பொருளை அனுப்பமாட்டார்கள், அதன் படத்தை அனுப்புவார்கள். அந்தக் கூம்பின் படத்தைப் பார்த்து, ஏதோ கோயில் விளக்கின் பாகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறைக்கத் தோன்றவில்லை. "இத எழுதினது நான்தான்" என்றேன்.

சுவருக்கு மேல் இப்போது அவருடைய முகமும் வந்தது. "அப்போ உங்களுக்குத் தெரியுமே."

"தெரியாது."

"தெரியாமயா எழுதினீங்க?"

"தெரிஞ்சா எழுத முடியாதுங்க."

அவர் சிரிக்கவில்லை. கேபினுக்குள் ஏறி ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து சுவர்மேல் வைத்தார். பிரிக்காத புது ஃபில்டர். "வாங்கிட்டேன் சார். மாட்றதுக்கு முன்ன கேக்கலாம்னு பாத்தேன். எனக்கு இருக்கிறது இந்த ஒரு வண்டி. இது இழுக்கலன்னா கூட பரவால்ல, எஞ்சின் கெட்டுடக் கூடாது. எழுதினது நீங்கதான? நீங்களே பாத்து சொல்லுங்க, மாட்டலாமா வேணாமான்னு."

அதைவிட நியாயமான விமர்சனம் என் எழுத்துக்கு வந்ததில்லை.

ஏஜென்சி மூலமாக அந்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். எந்த வண்டியில், எந்தச் சாலையில், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள், விவரம் அனுப்ப முடியுமா? மறுநாளே பதில் வந்தது. 'தாங்கள் கேட்ட ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது.' திறந்து பார்த்தேன். நான் எழுதிய அதே துண்டுத்தாள்.

ஆக, நாங்களே சோதிப்பது என்று முடிவாயிற்று. இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதம் ஒத்தாசை செய்துவிட்டு வருகிறேன் என்று மனைவி போனார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூட வேனில் ஏறிப் போய்வருகிறது. ஒத்தாசை இன்னும் முடியவில்லை. சண்டை எதுவும் கிடையாது. சாயங்காலம் போன் செய்து, சாப்பிட்டீர்களா என்பார். சாப்பிட்டேன் என்பேன். சில நாட்களில் அது உண்மையாகவும் இருக்கும்.

"நாளைலேர்ந்து லாரில போறேன்" என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன்.

"லாரிலயா? ஏங்க, எங்க போறீங்க?"

"திருமுக்கூடல் பக்கம், குவாரிக்கு. ஜல்லி ஏத்திக்கினு திரும்பி வருவோம்."

"தொப்பி போட்டுக்கினு போங்க" என்றார்.

சோதனையை நியாயமாகச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. வண்டியில் ஏற்கெனவே இருந்த காகித ஃபில்டரைக் கழற்றினால், உள்ளே செங்கல் சூளையையே வைத்திருந்தது. அதோடு புதுக் கூம்பை ஒப்பிட்டால், கூம்பு என்ன, வெறும் ஓட்டை கூட ஜெயித்துவிடும். விற்கிறவர்கள் செய்கிற வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றியது: பழசின் முக்கால் உயிர் போன பிறகு அதைப் புதுசோடு ஓட விடுவார்கள். எனவே புதிதாக ஒரு காகித ஃபில்டரும் வாங்கச் சொன்னேன். முதல் பத்து நாள் காகிதம், அடுத்த பத்து நாள் கூம்பு. அதே குவாரி, தென்னேரி வழியாக அதே சாலை, அதே கட்டட வேலையிடம், எடைமேடையில் போட்ட அதே அளவு பாரம். ஒரே பங்க்கில் தொட்டியின் வாய்வரை டீசல். பக்கத்து சீட்டில் நான், மடியில் நோட்டு.

பங்குனி வெயில். குவாரிப் பள்ளத்திலிருந்து பாரத்தோடு மேலேறும் மண்பாதையில் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளைக் குறிப்பேன். அவர் கியரை மாற்றிக்கொண்டே பேசுவார். தன் மகள் பாராமெடிக்கல் படிப்பது, சர்ச்சில் கிடார் வாசிக்கும் மைத்துனனின் அலட்டல், எந்த குவாரிக்காரன் ஈர மணலை ஏற்றி எடையில் ஏமாற்றுவான் என்பது. தென்னேரிக்கரையில் டீ. ஏரியிலிருந்து வரும் காற்றில் டீயின் மேல் ஆடை கட்டும். நான் மேற்கோள் எதுவும் காட்டாமல் ஒரு மனிதரோடு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடுதான் கவனித்தேன். வீட்டில் அலமாரி முழுக்க இருந்த புத்தகங்களுக்கு இது தெரிந்திருந்தால் அவை வருத்தப்பட்டிருக்கும்.

காகித ஃபில்டர் ஓடிய பத்து நாளிலேயே மைலேஜ் கூடிவிட்டது. பழைய ஃபில்டரை மாற்றியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரே சொன்னார்.

"பக்கத்துல நோட்ட வச்சிக்கினு ஒருத்தர் உக்காந்துக்கினு இருந்தா கால் ஆக்சிலேட்டர்ல அழுந்த மாட்டேங்குது சார். பரீட்ச எழுதுற மாரி இருக்குது. உங்களயே ஒரு பார்ட்டுன்னு வித்துடலாம்."

"எனக்கு ரிட்டர்ன் கிடையாது, பரவால்லயா?"

"உங்க வூட்டு அம்மாகிட்ட கேட்டுட்டுதான் விக்கணும்."

அடுத்த பத்து நாள் கூம்பு. மாட்டிய அன்றைக்கே சத்தம் மாறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் ஆழமாக உறிஞ்சும் ஒரு சத்தம் கேபினுக்குள் கேட்டது. "இன்னா இழுக்குது பாருங்க சார்" என்று அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். எனக்கும் இழுப்பதாகத்தான் பட்டது. ஆனால் நோட்டு வேறு சொன்னது. மண்பாதை ஏறும் நேரத்தில், ஒரே ஃபில்டரில் ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் இருந்த வித்தியாசம்தான் காகிதத்துக்கும் கூம்புக்கும் இருந்தது. டீசலும் அப்படியே. காதில் கேட்ட பலம் சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. ஆக, இழுவை, மைலேஜ் இரண்டிலும் என் துண்டுத்தாள் பொய். ஆனால் அவருடைய முக்கியமான கேள்விக்கு, எஞ்சின் கெடுமா கெடாதா என்பதற்கு, இன்னும் பதில் இல்லை.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். இங்கேதான் என் ரத்தம் வேலை செய்தது.

நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன் வீட்டில் பிறந்தவன். தறியில் உட்காராமல் தப்பித்தவன்; என் தம்பி தப்பிக்கவில்லை, இன்றும் நெய்கிறான். எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் தராசுதான். பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள்; புடவையாகத் திரும்பும்போது, கழிவு நூலையும் சேர்த்து எடை போட்டு வாங்குவார்கள். கொடுத்த எடைக்கு எடை வந்தால் அந்த நெசவாளி யோக்கியன். கூடினாலும் கேள்வி, குறைந்தாலும் கேள்வி. நடக்கப் பழகும்போதே எங்களுக்குள் இறங்கிவிடுகிற பாடம் இது.

தம்பியிடமிருந்து பட்டுத் தராசை வாங்கிவந்து, இரண்டு ஃபில்டர்களையும் மாட்டுவதற்கு முன்பே எடை போட்டு வைத்திருந்தேன். பத்துப் பத்து நாள் ஓடி வந்த பிறகு மறுபடியும் போட்டேன். காகிதம் நன்றாகக் கனத்துப்போயிருந்தது. கூம்பு, போன எடைக்கு அநேகமாக அப்படியே திரும்பியிருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரைச் சுவருக்கருகே கூப்பிட்டுத் தீர்ப்பு சொன்னேன். "இழுவை கூடல. டீசலும் மிச்சமில்ல. அது ரெண்டும் நான் உட்ட கதை. ஆனா பொருள் யோக்கியமான பொருள். எடைக்கு எடை நிக்குது பாருங்க. தாராளமா மாட்டலாம்."

"மண்ணே ஒட்டலியா சார்?"

"அதான் எண்ணெய் தடவிக்கிறான். தூசி அண்டாது."

சொன்ன பிறகுதான் அது என் துண்டுத்தாளின் வாக்கியம் என்று உறைத்தது. ஆனாலும் சோதனை செய்து பார்த்த மனிதனின் குரலில் சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் எனக்கே நம்பிக்கையாக இருந்தது. அவரும் நம்பினார். கூம்பு மறுபடி வண்டியில் ஏறியது.

மறுநாள் தராசைத் திருப்பிக் கொடுக்கத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"இன்னாத்துக்குத் தராசு?" என்றான்.

கதையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

"கூம்பு எட கூடவே இல்லியா?"

"கூடவே இல்ல."

தறி நின்றது. "அப்போ மண்ணு எங்க போச்சு?"

நான் அவனைப் பார்த்தேன்.

"டீ வடிகட்டில தூள் நிக்கலன்னா தம்ளர்லதான இருக்கும்? அது மண்ணப் புடிக்கிற சாமான். கனத்து வந்தாத்தான் வேல செஞ்சிக்கிதுன்னு அர்த்தம். பட்டுக்குப் பாக்குற நாயத்த சல்லடைக்குப் பாத்துக்கினு வந்துகிற." மறுபடி நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளினான். "அண்ணன் படிச்சவர்னு தெரு பூரா சொல்லி வச்சிக்கிறேன் நான்."

வண்டி எடுத்து வீடு திரும்பிய பிறகுதான் பார்த்தேன், தராசு ஸ்கூட்டரில் முன்னால் அப்படியே இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியும். ஆனால் அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். அவர் வண்டியை நிறுத்தியதும் சுவரருகே போய் நின்றேன். அவர் முந்திக்கொண்டார்.

"சார், நாளைக்கு வர்றீங்களா? டெஸ்ட்டு முடிஞ்சா இன்னா. எஞ்சின் சத்தம் கேக்க ஆளு வேணாமா?"

வருகிறேன் என்றேன். வண்டியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வண்டியில் சொல்லவில்லை. டீக்கடையில் சொல்லலாம் என்றிருந்தேன். அங்கே அவர் மகளின் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள், இன்னும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் அதையும் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னால் போகும் லாரி கிளப்பும் புழுதிக்குள் நாங்கள் நுழையும்போதெல்லாம், எஞ்சின் ஆழமாக அதை உறிஞ்சும். அந்தச் சத்தம் எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்டது. என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டுக்கொள்வேன்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. தப்பு என்று சொன்னால் கூம்பு கழற்றப்படும். கணக்கு முடியும். அடுத்த நாள் காலை அவர் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன்.

நான்காம் நாள், குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் பாரம் ஏற்ற வரிசையில் நின்றிருந்தோம். கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வெள்ளையாகத் தூள் பறந்து, மரங்கள் எல்லாம் விபூதி பூசியதுபோல் நின்றன. அவர் எஞ்சினை உறும விட்டு, "இன்னா ஜோரா மூச்சு உடுது பாருங்க" என்றார்.

"ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"இன்னா சார்?"

"ஆஃப் பண்ணுங்க. நான் சொன்னது தப்பு. அந்த ஃபில்டர் மண்ணப் புடிக்கல. அதான் எடை கூடல. எல்லாம் உள்ளதான் போயிக்கினு இருக்கு."

அவர் அணைத்தார். இறங்கினார். கேபினைத் தூக்கி, கூம்புக்குப் பின்னால் இருந்த குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்திக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்தார். விரல் நுனியில் முகப்பவுடர் போல மெல்லிய சாம்பல் நிறம். இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று இருந்திருக்க வேண்டும்.

"எப்போ தெரிஞ்சுது?"

"நாலு நாளாச்சு."

"நாலு நாளா?" குரல் உயரவில்லை. "தெனம் கூடத்தான வந்தீங்க. ஏன் சொல்லல?"

என்னிடம் எழுத்தாளனுக்குரிய காரணங்கள் நிறைய இருந்தன. எல்லாமே துண்டுத்தாள் வாக்கியங்களாகத் தோன்றின. "சொன்னா நாளைலேர்ந்து நான் வர வேண்டியதில்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எந்த வண்டியில் மாட்டுவது என்று தெரியாத ஒரு பாகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அதுக்கா?" என்றார்.

குழாயைத் திரும்ப மாட்டி, கேபினை இறக்கி, வரிசையை விட்டு வண்டியைத் திருப்பினார். காகித ஃபில்டர் என் வீட்டில், எடை எழுதிய பையில் இருந்தது. பாரம் ஏற்றாமல், முன்னால் எந்த வண்டி போனாலும் அதன் புழுதி அடங்கும்வரை ஒதுங்கி நின்று நின்று, ஓரிக்கை வரை வந்தோம். தென்னேரிப் பக்கம் போகவேண்டிய அவசியமே அன்று இல்லை. பாதி வழியில் என் பக்கத்துக் கண்ணாடியை நான் இறக்கினேன். அது எதற்கும் ஈடாகாது என்று தெரிந்துதான்.

வீட்டுக்கு வந்ததும் காகித ஃபில்டரைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவரே மாட்டினார். மறுநாள் மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் இறக்கை ஓரங்கள் லேசாக மழுங்கத் தொடங்கியிருக்கின்றன, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது, ஓடி ஓடித்தான் தெரியும் என்றாராம். இதையும் சுவருக்கு மேலிருந்துதான் சொன்னார். கோபமாக இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருக்கலாம்.

அவர் வண்டியை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மாற்றவில்லை. மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை. ஃபில்டர் மாற்றும் போதெல்லாம், போடப்போகும் புதியதையும் கழற்றிய பழையதையும் கொண்டுவருகிறார். நான் எடை போட்டு இரண்டு எண்களையும் சொல்கிறேன். அவர் போனில் குறித்துக்கொள்கிறார். தம்பி தராசைக் கேட்கவில்லை. கேட்டால் வேறொன்று வாங்கிக்கொள்வேன்.

மனைவி போன வாரம் போனில், இப்போதெல்லாம் லாரியில் போவதில்லையா என்று கேட்டார். வெயில் அதிகம் என்றேன். தொப்பி இருக்கிறதே என்றார்.

நேற்றுக் காலை லாரிக்காரர் வந்தார். பழைய ஃபில்டரைத் தராசில் வைத்தேன். நன்றாகவே கனத்திருந்தது. எண்ணைச் சொன்னேன்.

"நல்லா புடிச்சிக்கிது" என்றார்.

"டர்போ?"

"சத்தம் ஒண்ணும் இல்ல சார், இதுவரிக்கும்."

"இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"குவாரிதான்" என்றார். அதற்கு மேல் சொல்ல ஏதோ இருப்பதுபோல் ஒரு கணம் நின்றார், நானும் நின்றேன். பிறகு, மண் என் சட்டையில் கொட்டிவிடாமல் ஃபில்டரைத் தள்ளிப் பிடித்தபடி, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.